ஷீட்டை எந்தப் பக்கம் வைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு பாத்ரூமில், சிவப்பு பல்பு வெளிச்சத்தில், ஓர் அண்ணனும் தம்பியும் காணாமல் போனார்கள்.

பதறாதீர்கள். ஆட்கள் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். அண்ணன் புதுவயலில், தம்பி ஷார்ஜாவில். காணாமல் போனது அவர்கள் முகம் மட்டும்தான்... நான் எடுத்த போட்டோவில்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் மரப்பெட்டிக் கேமராவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டையர் ஆனதும் என்னோடு இருந்த டீச்சர்கள் காசிக்குப் போனார்கள். நான் கேமரா வாங்கினேன். முன்னால் லென்ஸ், நடுவில் துருத்தி, பின்னால் சொரசொரப்பாகத் தேய்த்த ஒரு கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, அந்தக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஃபோகஸ் ஆனதும், கண்ணாடி இருந்த அதே தூரத்தில் ஃபிலிம் சட்டத்தைச் செருக வேண்டும். ஒரு படம் எடுப்பதற்குள் ஒரு உலை அரிசி வெந்துவிடும்.

"இதுக்கு செல்லுலயே எடுக்கலாமே" என்று கேட்காதவர்கள் காரைக்குடியில் யாரும் இல்லை.

ஆனால் மெஹருன்னிஸா அப்படிக் கேட்கவில்லை. 'இந்தக் கேமராதான் வேணும்' என்று பிடிவாதமாக நின்றாள்.

மெஹர் என்னிடம் பத்தாவது படித்தவள். இன்றைக்கு அவளே மாமியார். புதுவயலில் ரைஸ் மில் நடத்தும் மஜீது பாயின் தம்பி ஜமால்தான் அவள் கணவர். ஜமாலுக்கு ஷார்ஜாவில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டி ஒட்டி. நடுவில் ஒரு சுவர்.

சுவர் செங்கல்லில் கட்டியது. அதைவிடப் பெரிய சுவர் ஒன்று கல்யாணப் பத்திரிகையில் கட்டியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மெஹரின் மகளுக்கு நிக்காஹ். பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் பெரியத்தாவான, அதாவது பெரியப்பாவான மஜீது பாயின் பேர், பெண்ணின் தாய்மாமன் பேருக்குக் கீழே வந்துவிட்டது. அச்சாபீஸ்காரன் செய்த தப்பு என்றார் ஜமால். ப்ரூஃப் பார்த்தது யார் என்றார் மஜீது பாய். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்தார், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார், பிரியாணி சாப்பிடாமல் போனார். நம்மூரில் இதற்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்றையிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இவர்களுடைய மனைவிமார் கதையே வேறு. மஜீது பாயின் மனைவி ரஹ்மத்தும் மெஹரும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. கொல்லைப் பக்கம் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. குழம்புக் கிண்ணம் அங்குட்டும் இங்குட்டும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. மஜீது பாய் ஆறு வருஷமாகத் தம்பி வீட்டு மீன் குழம்பைத்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் சாப்பிட்டிருக்கிறார்... அவருக்குத் தெரியாமலேயே!

மெஹர் போனில் சொன்னது இதுதான். "டீச்சர், இவுக சனிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கெளம்புறாக. அதுக்குள்ள இவுகளும் பெரியவுகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்த மாதிரி ஒரே ஒரு போட்டோ வேணும். கையில படம் இருந்தாத்தான் நாளைக்கு மறுபடி மூஞ்சியத் திருப்புனா காட்டலாம். பேச வைக்கிறதுக்கு எங்களுக்கு வேற ஆதாரம் இல்ல."

சரி, அவர்கள் எப்படி உட்காருவார்கள்?

அதற்கும் வழி செய்து வைத்திருந்தாள். டீச்சர் பத்திரிகையில் எழுதுகிறவர், பழைய கேமராவில் ஒரு குடும்பப் படம் எடுக்கப் பிரியப்படுகிறார், மாட்டேன் என்றால் மரியாதை இல்லை என்று ரஹ்மத் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அதையே மெஹர் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். மஜீது பாயின் மகனுக்கும் நான்தான் பிசிக்ஸ் எடுத்தேன். மறுக்க முடியவில்லை. ஆகக்கூடி, நான் கேட்காத ஒன்றை நான் கேட்டதாக இரண்டு வீட்டு ஆண்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சேர்ந்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

செல்போன் ஏன் கூடாது? மஜீது பாய் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். செல்லில் எடுத்தால் எழுந்திருப்பதற்குள் ஊர் குரூப்பில் போய்விடும், மில்லில் மூட்டை தூக்குகிறவன் வரைக்கும் 'என்ன பாய், சேந்துட்டீகளா' என்று கேட்பான். அதனால் பெட்டிக் கேமரா மட்டும். அதுவும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும், வீட்டுக்குள்ளே, ஹாலில், தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு.

இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

முந்தின ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு புதுவயலுக்குப் போனேன், ஹாலை ஒரு பார்வை பார்க்க. ரஹ்மத் நாற்காலியில் உட்கார, நான் கறுப்புத் துணிக்குள் புகுந்தேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் மங்கலாக ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. எனக்கு ஒரு கண்ணில் கேட்ராக்ட் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று காத்திருக்கிறது. கேமராவின் பழைய லென்ஸோ வெளிச்சத்தைச் சிக்கனமாக உள்ளே விடும், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற ரகம். ரஹ்மத்தின் மூக்கு எது, நாற்காலிக் கை எது என்று சத்தியமாகத் தெரியவில்லை. இப்படியே எடுத்தால் யார் மேல் ஃபோகஸ் விழுமோ அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதற்கு மருந்து உண்டு. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். மேலெல்லாம் வட்ட வட்டமாக நுணுக்கமான கோடு போட்டிருக்கும். ஃப்ரெனெல் லென்ஸ் என்று பேர். ஓரத்தில் விழுந்து வெளியே சிதறிப்போகும் வெளிச்சத்தை இது கண்ணை நோக்கித் திருப்பிவிடும். கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் போதும், மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும்.

விலை? வெளிநாட்டில் இதற்கென்றே செய்து விற்கிறார்கள். இன்டர்நெட்டில் பார்த்தேன். பிறகு சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். கஸ்டம்ஸ் வரியோடு சேர்த்தால் அந்தப் பணத்தில் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாம். அப்படியே வாங்கினாலும் வந்து சேர மூன்று வாரம். எனக்கு இருந்தது ஐந்து நாள்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அந்தச் சொரசொரப்புக் கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் தடவிப் பாரேன் என்றார். கிண்டலுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தடவினேன். ஆச்சரியம், வெளிச்சம் கூடியது! கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிம்பம் உட்கார இடமில்லாமல் காற்றில் மிதந்தது. எது ஃபோகஸ், எது ஃபோகஸ் இல்லை என்று சொல்லவே முடியவில்லை. ஒரு மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கேமரா மட்டும் இரண்டு நாள் தலை வாரிக்கொண்ட மாதிரி மணத்தது.

செவ்வாய்க்கிழமை என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஞாபகம் இருக்கிறதா? மேஜை மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளில் எழுதிச் சுவரில் காட்டுவோமே, அது. அதன் மேல் கண்ணாடிக்கு அடியில் இருப்பதும் இதே ஃப்ரெனெல் ஷீட்தான். எங்கள் ஸ்கூல் ஸ்டோர் ரூமில் ஒன்று பல வருஷமாகத் தூங்குகிறது. தூக்கம் என்றால் அப்படியொரு தூக்கம், உள்ளே பல்லி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. தலைமை ஆசிரியை என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்தான். காபி கொடுத்தார், நலம் விசாரித்தார், ஷீட்டைக் கேட்டதும் ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். அதில் அந்த மெஷின் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தது. நல்ல நிலையில் உள்ள பொருளின் பாகத்தைக் கழற்றித் தர முடியாதாம். நியாயம்தானே? அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு விற்கிற, பர்ஸில் வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடி அட்டை ஒன்று வாங்கினேன். என் கேமராக் கண்ணாடி நாலுக்கு ஐந்து இஞ்ச். அட்டை அதில் பாதிகூட இல்லை. நாலு வாங்கி ஒட்டினால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆசை வெட்கமறியாது.

வியாழக்கிழமைதான் கதவு திறந்தது. கல்லுக்கட்டிப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில், வயசானவர்கள் பேப்பர் படிப்பதற்கென்று முழுப் பக்க அளவில் ஷீட் லென்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. விலை நூற்று எண்பது ரூபாய். நான் அதைக் கையில் வாங்கி, கடை டியூப்லைட்டின் பிம்பத்தை மேஜையில் விழவைத்து, ஸ்கேல் கேட்டு வாங்கி, ஷீட்டுக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. என் லென்ஸுக்கு ஓரளவு பொருந்துகிற கணக்குதான். கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேப்பர் படிக்கத்தானே, இவ்வளவு டெஸ்ட் எதுக்கு என்று கேட்டார். நான் பேப்பரில் எழுதுகிறவள் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டரால் அளவாக வெட்டினேன். அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் வைப்பது?

வெளிப்பக்கம், அதாவது நம் கண் இருக்கும் பக்கம் வைத்தால், ஃபோகஸ் பார்க்கிற சின்ன லென்ஸை அதன் மேல் சரியாக வைக்க முடியவில்லை. கோடு கோடாக வட்டம் தெரிந்து உயிரை வாங்கியது. உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்து, ஷீட்டை அடியில் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து, அதே கிளிப்பைப் போட்டேன். அம்சமாக உட்கார்ந்துவிட்டது. துணிக்குள் புகுந்து பார்த்தால்... அடடா! எதிரே மாட்டியிருந்த காலண்டரில் ராகு காலம் வரைக்கும் படிக்க முடிந்தது. சந்தோஷத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலைகீழாகத் தெரிகிறதே என்று குறை சொன்னார்.

ஒரு ஃபிலிமைச் செலவழித்து டெஸ்ட் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஸ்கேன் சென்டரில் டிஜிட்டல் வந்ததும் மீந்துபோன எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டியைத்தான் வெட்டி வெட்டி உபயோகிக்கிறேன். மிச்சம் ஆறு துண்டுகள். கண்ணுக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, எதற்கு ஒன்றை வீணாக்க வேண்டும்? இதுதான் நம் சிக்கனம். பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையை எடுத்துவிட்டு, ஃபால்ஸ் தைக்க யோசிப்போம்.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து இருவரும் வந்தார்கள். தனித்தனியாகத்தான். ஒரே பள்ளிவாசல், ஒரே தெரு, பத்தடி இடைவெளி.

முன்னால் இரண்டு நாற்காலி. பின்னால் ரஹ்மத்தும் மெஹரும் முக்காடு போட்டு நின்றார்கள். மஜீது பாய் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்தார். ஜமால் நாற்காலியின் வெளி ஓரத்தில், எழுந்து ஓடத் தயாரானவர் போல. இருவருக்கும் நடுவில் இன்னோர் ஆள் உட்காரலாம். நான் துணிக்குள்ளிருந்து, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என்றேன். யாரும் அசையவில்லை.

பிறகு மஜீது பாயின் குரல் கேட்டது. "டீச்சர், அவரைக் கொஞ்சம் இங்குட்டு நகரச் சொல்லுங்க."

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்கிற தம்பிக்கு, பத்தடி தள்ளி இருக்கிற என் வழியாகத் தகவல். நான் துணியை விலக்கிச் சொன்னேன். ஜமால் நகர்ந்தார். பிறகு ஜமால் என்னைப் பார்த்து, அவுகளுக்கு ஃபேன் போடவான்னு கேளுங்க டீச்சர், வேர்க்குது அவுகளுக்கு என்றார். அண்ணனுக்கு வேர்ப்பதைத் தம்பி கவனித்திருக்கிறார் பாருங்கள். ஃபேனைப் போட முடியாது, கேமராத் துணி பறக்கும் என்றேன். மஜீது பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

துணிக்குள்ளே நான் ராணி. இரண்டு பேரும் கண்ணாடியில் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கினார்கள். ஆனால் என்ன தெளிவு! மஜீது பாயின் இமையில் ஃபோகஸ் வைத்தேன். ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தேன். மூச்சை அடக்குங்கள், இரண்டு செகண்ட் அசையக் கூடாது என்றேன். எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். அண்ணன் எழுந்து மில்லுக்குப் போனார். தம்பி எழுந்து பெட்டி கட்டப் போனார். மெஹர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் ஜமால் பிளேன் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமில் ஃபிலிமைக் கழுவினேன். காய்ந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். 

முன்வரிசை இரண்டு முகமும் மாவு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல், மீசை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நிழல். பின்வரிசையோ கத்தியால் வெட்டிய மாதிரி. ரஹ்மத்தின் முக்காட்டு ஜரிகையை எண்ணலாம். மெஹரின் தோளில் ரஹ்மத் கை வைத்திருக்கிறாள், அந்த மோதிரக் கல்கூடத் தெரிகிறது. இரண்டாவது ஃபிலிமும் அப்படியே.

கேமராவைக் கழற்றிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஷீட்டை அடியில் வைத்ததால், ஷீட்டின் கனத்துக்கு ஏற்பக் கண்ணாடி பின்னால் தள்ளிப்போய்விட்டது. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். ஆனால் ஃபிலிம் மட்டும் பழைய இடத்திலேயேதான் இருந்தது. நான் கண்ணாடியில் மஜீது பாய்க்கு ஃபோகஸ் வைத்தேன், ஃபிலிம் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்ற ரஹ்மத்துக்கு வைத்தது. வெளிப்பக்கம் வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை.

முப்பது வருஷம் லென்ஸ் பாடம் நடத்தியவள் நான். இந்தக் கணக்கைப் பரீட்சையில் கேட்டு, தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பெண்களை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு புதுவயலுக்குப் போனேன். மஜீது பாய் மில்லிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். படத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். தப்பு என் மேல்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன், நாணயத்தின் கனம் உட்பட.

"இதுல இருக்குறது நாந்தானா டீச்சர்?" என்றார். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவன் மூஞ்சியும் தெரியலையே" என்றார்.

மெஹர் முகம் செத்துவிட்டது. ஒரு மாசம் திட்டம் போட்டு, பொய் சொல்லி, இரண்டு மலைகளை நகர்த்தி உட்காரவைத்தவள். கடைசியில் கையில் இருக்கும் ஆதாரத்தில் யார் என்று அவரவருக்கே தெரியவில்லை. இதைக் காட்டி யாரை மடக்க? ரஹ்மத் மட்டும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்க ரெண்டு பேரை மட்டும் வெட்டித் தனியாப் போட்டுக் குடுங்க டீச்சர், நல்லா இருக்கு என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். மஜீது பாய் சாப்பிட்டார், கை கழுவினார், மில்லுக்குப் போய்விட்டார். நான் ஆட்டோ பிடித்துக் காரைக்குடி திரும்பினேன். கேமராவை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை மெஹர் போன் செய்தாள். மூச்சு வாங்கியது. நான் என்னவோ ஏதோ என்று பயந்தே போனேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் ரஹ்மத்திடம் மஜீது பாய் தம்பியின் ஷார்ஜா நம்பரைக் கேட்டிருக்கிறார். எதற்கு என்று ரஹ்மத் கேட்கவில்லை. கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே போன் போட்டிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"டேய், நாந்தான் பேசுறேன். அந்தப் போட்டோல நம்ம ரெண்டு பேரு மூஞ்சியும் விழல. டீச்சர் சொதப்பிட்டாக. அடுத்த லீவுக்கு வந்தா மறுபடி உக்காரணும், வேற வழியில்ல."

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் பேசினாராம். முட்டிவலி, நெல் வரத்து, அங்கே என்ன சாப்பிடுகிறாய், இங்கே மழை இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெஹர் இதைச் சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதாள். பிறகு சிரித்தாள். "டீச்சர், படம் நல்லா விழுந்திருந்தா பெரியவுக ஆணியில மாட்டிட்டு அத்தோட விட்டுருப்பாக" என்றாள்.

உண்மைதான். சரியாக முடிந்த காரியத்தைப் பற்றி யார் யாருக்குப் போன் செய்கிறார்கள்?

என் மேல் பழி போட்டுத்தான் அண்ணன் தம்பியிடம் பேச்சை ஆரம்பித்தார் என்பதில் எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் என் தப்பு ஒன்று இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

ஜமாலின் அடுத்த லீவுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கிறது. ஷீட்டைச் சரியான பக்கம் மாற்றிவைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.